நானூற்றுப் பதினேழு

லியோங்காதாவில், தேவாலயத்துப் பழைய பொருள் கடையில்
இருபது டாலருக்கு வாங்கினேன் அந்தக் கிளாரினெட்டை.
சாவிகள் பாதி ஒட்டிக்கொண்டிருந்தன.
பிழைத்தது ஐந்து சுரம்.
மோகனம் என்று சொல்லிக்கொண்டேன்,
வேறென்ன சொல்ல.

வீட்டில் வாசிக்க முடியாது.
சுவருக்கு அந்தப் பக்கம்
இரவுப் பணி முடித்துத் தூங்குகிறாள் ஒரு செவிலி.
ஆகவே மாலைக் கறவை முடிந்ததும்
மேற்கு வேலியோரம்
தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து ஊதினேன்.
முதல் நாள் வந்தது இசையல்ல, இருமல்.

பசுக்கள் தலை தூக்கின.
முதலில் ஒன்று. பிறகு அதன் பின்னால் நின்றது.
பிறகு மேட்டுச் சரிவே
கறுப்பும் வெள்ளையுமாக இறங்கி வந்தது.
இருநூறு மூக்கு, இருநூறு புகை.
யாரும் கைதட்டவில்லை. யாரும் எழுந்து போகவில்லை.
பன்னிரண்டு வயதில் பள்ளி மேடையில்
இரண்டாம் வரியிலேயே தாளம் தவறி அழுதவளுக்கு
இது போதும்.

பண்ணைக்காரி க்ளெனிஸ் சிரித்தாள்.
கறவைக் கொட்டகை வானொலியில்
காதல் பாட்டுக்கும் கால்பந்து வர்ணனைக்கும்
ஒரே அளவு பால்தான் என்றாள்.
"புதிதாக எதைக் கண்டாலும் வரும்.
குடையை விரித்துப் பார், அதற்கும் வரும்."
மறுநாள் விரித்தேன்.
வந்தன.
பார்த்தன. புல்லுக்குத் திரும்பின.

நானூற்றுப் பதினேழு குடைக்கு வரவில்லை.

கிளாரினெட்டுக்கு வருவாள். கடைசிவரை நிற்பாள்.
காதில் மஞ்சள் வில்லை,
கொம்பு தீய்த்த இடத்தில் ஒரு சுழி.
தைவதத்தில் நான் தடுக்கும்போதெல்லாம்
இடது காதை மட்டும் பின்னுக்கு மடக்குவாள்.
நிரூபிக்க முடியாது என்னால்.
காற்று, ஈ, தூறல்:
ஒரு காது மடங்க எத்தனையோ காரணம்.

ஜூன். புல்லெல்லாம் உறைபனி.
மூன்றாம் முறையும் சினை நிற்கவில்லை அவளுக்கு.
க்ளெனிஸ் கல்நெஞ்சக்காரி அல்ல,
வங்கிக்குப் பதில் சொல்கிறவள்.

லாரி வந்தது. மற்ற ஆறும் ஏறிவிட்டன.
அவள் மட்டும் ஏற்றுப்பலகையின் அடியில்
நான்கு காலையும் ஊன்றி நின்றாள்.
ஓட்டுநர் ஷேன் சீட்டியடித்தான். தொடையில் தட்டினான்.
மின்குச்சியை எடுக்கப் போனான்.
க்ளெனிஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டு
என்னைப் பார்த்தாள்.
வாய்விட்டுக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்,
அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

பழந்தமிழில் ஒரு விலங்கு உண்டு, அசுணம்.
யாழ் கேட்டால் மறைவிடம் விட்டு வருமாம்.
சொக்கி நிற்கையில் வேடன் பறையை அறைவானாம்.
அந்த ஓசையிலேயே விழுந்து சாகுமாம்.
பத்தாம் வகுப்பில் அதற்கு இரண்டு மதிப்பெண்.
எழுதினேன், வாங்கினேன்.
யாழ் வாசித்தவர் பிறகு வீட்டுக்குப் போய்
என்ன சாப்பிட்டார் என்று
வினாத்தாளில் இல்லை.

லாரியின் முன்பக்கம், கம்பிகளுக்கு வெளியே நின்று ஊதினேன்.
உதடு குளிரில் மரத்திருந்தது.
ச ரி க ப
தைவதத்தில் தடுக்கினேன்.
ஒரு காது மடங்கியது.
பிறகு பலகைமேல் குளம்புச் சத்தம்,
ஒன்று,
இன்னொன்று,
அவசரமே இல்லாமல்.

மின்குச்சி அவள்மேல் படவில்லை.
அதை எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது
என்று இன்றுவரை தெரியவில்லை.
ஷேன் தகரக் கதவை இழுத்து அறைந்து சாத்தினான்.
வேலிமேல் இருந்த மேக்பை விருட்டென்று எழுந்து போனது.

மாலை. கறவை முடிந்தது.
பழக்கத்தில் கால்கள் மேற்கு வேலிக்குப் போயின,
கையில் ஒன்றும் இல்லாமல்.

வந்தன.
சரிவு முழுக்க, கறுப்பும் வெள்ளையுமாக,
கம்பிவரை வந்து நின்று
என் வாயையே பார்த்தன.